சோக் நாப் ஏன் சுட்டது?

2024 நவம்பர் கடைசியில் ஆரம்பித்து 2025 பொங்கல் வரை ஏழு வாரம் எங்கள் அம்பாசிடர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. 17,000 ரூபாய்க்கு மேல் செலவானது. மூன்று நாள் லீவு போனது. அம்மாவின் கண் ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. கடைசியில் பார்த்தால், மாற்ற வேண்டியிருந்தது 180 ரூபாய்க்கு ஒரு பட்டையும் 350 ரூபாய்க்கு ஒரு கேபிளும்தான். பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், அதுவும் கடலோரத்தில். யாராவது ஒருவர் இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி 1988 மாடல், மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. நைனா 1996-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமையானால் பானட்டைத் திறந்துகொண்டு நிற்பார். அவர் போன பிறகு இரண்டு வருடமாக நான் ஓட்டுகிறேன். ஓட்டத் தெரியும், பெட்ரோல் போடத் தெரியும், ஆயில் மாற்றக் கொடுக்கத் தெரியும், அவ்வளவுதான். வீடு தண்டையார்பேட்டையில், காசிமேடு பக்கம். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இரவில் தெருவில் நிற்கும் வண்டியின் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் துணியில் உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சக்கரத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் இரண்டு நாள் தேங்கி நின்றது. அதன் பிறகும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். அடுத்த வருடம் ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின வாரம்தான் முதல் தடவை காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பியபோது செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்டர் மோட்டார், சோம்பலாகச் சுற்றியது. ஏழெட்டு முறை அடித்த பிறகு பிடித்தது. பனி இறங்குகிறது, அதான், என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குளிர் என்ன பெரிய குளிர்? மார்கழி விடியற்காலையில் 20, 21 டிகிரி. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியிலிருந்து வந்தது. அந்த எஞ்சினும் பனி கொட்டுகிற அந்த நாட்டுக்காகச் செய்ததுதான். அப்படிப்பட்ட எஞ்சின் 20 டிகிரியில் மக்கர் செய்கிறது என்றால் குற்றம் குளிருடையது இல்லை. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ஒரு கோளாறைக் குளிர் வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். எஞ்சின் ஆயில் கொஞ்சம் கெட்டியாகும், பேட்டரி கொஞ்சம் சோரும், பெட்ரோல் ஆவியாவது குறையும். எல்லாம் நன்றாக இருக்கிற வண்டி இதைத் தாங்கும். ஏதோ ஒன்று பாதியாக இருக்கிற வண்டி தாங்காது. "பழைய வண்டின்னா மார்கழில அப்படித்தான் சார்" என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். அதை நம்பியதுதான் என் முதல் தப்பு.

முதல் மெக்கானிக்கைக் கூப்பிட்டது டிசம்பர் முதல் வாரம். காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கவில்லை, அவர் வந்தது பத்தரைக்கு. அதற்குள் தெருவில் வெயில் ஏறி பானட் சுடுகிறது. சாவியை வாங்கித் திருப்பினார், இரண்டாவது சுற்றில் பிடித்துவிட்டது. "ஒண்ணும் இல்ல சார், பேட்டரி வீக்கு" என்றார். பேட்டரி மூன்று வருடப் பழையது, அதனால் எனக்கும் சரி என்று பட்டது. 5,800 ரூபாய்க்குப் புதுசு போட்டோம். நாலு நாள் காலையில் நன்றாக எடுத்தது. ஐந்தாம் நாள் பழைய கதை. இப்போது யோசித்தால் புரிகிறது. புது பேட்டரி கொடுத்த கொஞ்சம் கூடுதல் வலுவில் நாலு நாள் ஓடியிருக்கிறது. மழை நேரமாக இருந்ததால் அந்த நாலு நாளும் இரவில் குளிரும் இல்லை. கோளாறு அப்படியே இருந்தது. அந்த மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்தது வெயிலில் காய்ந்த வண்டியை. நோய் காலை ஐந்தரை மணிக்கு வருகிறது, வைத்தியர் பத்தரைக்கு வருகிறார், என்னத்தைக் கண்டுபிடிப்பார்? உங்கள் வண்டிக்குக் காலையில் மட்டும் கோளாறு என்றால், முந்தின நாள் இரவே பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் அவர் கடை திறந்ததும் நீங்கள் போய் நிற்கும்வரை யாரும் சாவி போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஐந்தரைக்கு நீங்களே பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தோம். முதலில் ஸ்பார்க் சம்பந்தப்பட்ட சாமான்கள்: நாலு பிளக், சி.பி. பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், கூலியோடு 1,450. ஒரு வாரம் கழித்து ஸ்பார்க்குக்கு வோல்டேஜைக் கூட்டும் காயில், 950. அதற்குப் பிறகு இன்னொரு பட்டறையில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப் சரியாகத் தூக்கவில்லை என்று புதுசு, 1,600. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும், எனக்கு நம்பிக்கை வரும், அப்புறம் ஒரு பனிக் காலையில் மறுபடி நின்றுவிடும். இதில் நான் கற்றது, ஒரு சாமானை மாற்றினால் குறைந்தது ஏழெட்டுக் குளிர் காலைகளாவது பார்க்காமல் "சரியாகிவிட்டது" என்று முடிவு செய்யக் கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்றை மாற்றவும் கூடாது, எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கையோடு வாங்கிவந்துவிடுங்கள். நான் வாங்கிவந்த பழைய காயில் கடைசியில் நன்றாகத்தான் இருந்தது, இப்போது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கிறது.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நாள் வண்டி எடுக்கவில்லை என்று ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஒரு மூடியில் பெட்ரோல் எடுத்து நேராக கார்புரேட்டர் வாயில் ஊற்றிவிட்டு என்னைச் சாவி போடச் சொன்னான் மெக்கானிக்கோடு வந்த பையன். டப்பென்று பேக்ஃபயர் அடித்து ஒரு முழம் தீ எழும்பியது. அவன் முழங்கையில் முடி பொசுங்கியது, முகம் தப்பியது அந்தப் பிள்ளையின் நல்ல நேரம். சாக்கைப் போட்டு அமுக்கினோம். பழைய வண்டிகளுக்கு இதை வழக்கமாகவே செய்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பெட்ரோல் கார்புரேட்டருக்கு வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வெறும் வயிற்றோடு காலை ஆறரைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் லிஸ்டில் முதல் பெயர். ஐந்தரைக்கே அம்மா சால்வை போர்த்திக்கொண்டு, பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். கோயில் மைக்கில் திருப்பாவை ஓடுகிறது. நான் சாவியைத் திருப்புகிறேன், செல்ஃப் "ஊ...ம் ஊ...ம்" என்று இழுக்கிறது, எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஐம்பது நிமிடம் போக்கிவிட்டேன். ஆத்திரத்தில் இறங்கி டயரை எட்டி உதைத்தேன். "உதைக்காதடா, அது இன்னா பண்ணும்?" என்றார் அம்மா. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். அன்றைய லிஸ்ட் போய்விட்டது, அடுத்த தேதி 17 என்றார்கள். வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது, வண்டிக்காக இல்லை. முதல் இரண்டு முறை எடுக்காதபோதே ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தால் ஆறரைக்குப் போயிருப்போம். நேரம் தவறக் கூடாத பயணம் என்றால், மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேல் போகாமல், நடுவில் ஒரு நிமிடம் விட்டு முயற்சி செய்யுங்கள். எடுக்கவில்லையா, இறங்கிவிடுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டாரும் சூடாகும், பேட்டரியும் இறங்கும், பொழுதும் போகும்.

அன்று மத்தியானமே வண்டியை மூன்றாவது பட்டறைக்குக் கொண்டுபோனேன். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, கிட் போட்டு 3,200 வாங்கினார்கள். எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். மற்ற கார்புரேட்டர்கள் மாதிரி இல்லை இது. இதில் ஆக்சிலேட்டர் பம்ப் கிடையாது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை நாலு முறை மிதிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம், எஸ்.யூ.வில் அதனால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அதிகம் இறங்காது. குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் முழுக்க சோக்கில்தான் இருக்கிறது. சோக் நாபை இழுத்தால் கேபிள் வழியாக கார்புரேட்டர் அடியில் இருக்கும் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) கீழே இறங்கும், ஊசிக்கும் ஜெட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும், பெட்ரோல் அதிகம் போகும். ஆனால் நாபை இழுக்கும்போது முதல் கொஞ்ச தூரம் ஐடிலிங்கை, அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை, மட்டும்தான் ஏற்றும். அதற்கு மேல் இழுத்தால்தான் ஜெட் இறங்கும். இது எனக்கு அப்போது தெரியாது. பட்டறையிலும் யாரும் கேபிளைப் பார்க்கவில்லை. காலையில் எடுக்கவில்லை என்று நான் சொன்னதற்காக, ஜெட்டுக்குக் கீழே இருக்கும் நட்டைத் திருகி, பெட்ரோலும் காற்றும் கலந்த மிக்ஸரை ரிச்சாக்கி, அதாவது பெட்ரோலை அதிகமாக்கிவிட்டார்கள். கார்புரேட்டருக்கு மேலே இருக்கும் டேஷ்பாட் என்கிற சின்னக் குழாயில் ஊற்ற வேண்டிய ஆயிலையும் மறந்துவிட்டார்கள். விளைவு, காலையில் கொஞ்சம் சுலபமாக எடுத்தது, ஆனால் பேசின் பிரிட்ஜ் ஏறும்போது மிதித்தால் வண்டி திக்கித் திணறியது, லிட்டருக்குப் பத்து கொடுத்த வண்டி ஏழுக்கு இறங்கியது, ஒரு வாரத்தில் புது பிளக் நாலும் அடுப்புக் கரி மாதிரி ஆனது. எஸ்.யூ. உள்ளவர்கள் டேஷ்பாட் மூடியைக் கையாலேயே திருகி எடுத்து ஆயில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். லேசான ஆயில் போதும், 20 கிரேடு. மிக்ஸரைச் சோதிக்க, எஞ்சின் சூடானதும் பக்கத்தில் இருக்கும் சின்ன பின்னை மெல்ல மேலே தள்ளி உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். எஞ்சின் அணைந்துபோனால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

ஜனவரி 8 காலை, பனி கண்ணை மறைக்கிறது. எப்படியோ எடுத்து, திருவொற்றியூர் ஹைரோட்டில் டோல்கேட் மெட்ரோ தாண்டி, காலடிப்பேட்டை பக்கம் போகும்போது எஞ்சின் இருமி அணைந்தது. முன்னால் பின்னால் கன்டெய்னர் லாரி. ஓரம் தள்ள இரண்டு பேர் உதவினார்கள். உட்கார்ந்து சோக்கை முழுசாக இழுத்து இடது கையால் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆறாவதோ ஏழாவதோ முறை கையை வெடுக்கென்று எடுத்தேன். நாப் சுட்டது. கூடவே டேஷ்போர்டு அடியிலிருந்து பிளாஸ்டிக் உருகும் வாடை. எஞ்சின் சூடுதான் என்று அந்த நேரத்துப் பதற்றத்தில் விட்டுவிட்டேன். டோ வண்டி கூப்பிட்டு வீட்டுக்கு வந்தேன், 1,800 ரூபாய். அன்று சாயங்காலம் பழைய வண்டி வாங்கும் ஒருவரைக் கூப்பிட்டே விட்டேன். 35,000 தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் செய்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. எஞ்சின் ஓடியதே ஐந்து நிமிடம். டெம்பரேச்சர் முள் அசையக்கூட இல்லை. பானட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாமே சில்லென்று இருக்கும்போது, டேஷ்போர்டில் இருக்கும் ஒரு நாப் மட்டும் எப்படிச் சுடும்? பெட்ரோல் சுடாது, காற்று சுடாது. கரண்ட் போனால்தான் ஒரு கம்பி சுடும். சோக் கேபிளில் கரண்டுக்கு என்ன வேலை?

மறுநாள் ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு, வண்டி ராத்திரியெல்லாம் பனியில் நின்ற பிறகு, மகளை எழுப்பி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். பிளஸ் டூ படிக்கிறாள், இரண்டு நாள் முன்னால்தான் இயற்பியல் பாடத்தில் ஓம் விதி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இரண்டையும் இரண்டு தடவை பார்த்தோம். சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6. நல்ல பேட்டரி. காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு அவளை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அடிக்கும்போது பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் 10.4. அதுவும் சரிதான், 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் செல்ஃப் மோட்டார் முனையிலும் வைத்தேன், 0.3. கடைசியாக ஒரு ஊசியைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் அழுத்திப் பிடித்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.2 என்றால் இன்னும் நல்லது. மீட்டர் 1.9 காட்டியது. "அப்பா, கம்பியில இவ்ளோ வோல்டேஜ் வரக் கூடாதுல்ல?" என்றாள். வரக் கூடாது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்க, பின்னிய செம்புக் கம்பியில் ஒரு பட்டை இருக்கும், எர்த் பட்டை. செல்ஃப் இழுக்கும் கரண்ட் அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். சாதாரண கரண்ட் இல்லை அது, 100 ஆம்பியருக்கு மேல். வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டை பச்சையாகப் பூத்துப்போய், பாதி இழைகள் அறுந்து, விரல் பட்டதும் மீதியும் பொடியாக உதிர்ந்தது. போல்ட் துருவில் மூடிக் கிடந்தது. கடல் காற்று ஒரு பக்கம், மிக்ஜாம் வெள்ளத்தில் ஊறியது ஒரு பக்கம். பட்டை செத்துப்போனதும் கரண்ட் வேறு வழி தேடியிருக்கிறது. எஞ்சினிலிருந்து கார்புரேட்டர், கார்புரேட்டரிலிருந்து சோக் கேபிள், கேபிளிலிருந்து டேஷ்போர்டு, அங்கிருந்து பாடி. ஒரு சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இருக்கிற கேபிளில் அவ்வளவு கரண்ட் போனால் சுடாமல் என்ன செய்யும்? உறை உள்ளே உருகி, கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே நாபை முழுசாக இழுத்தாலும் கம்பி வளைந்து கொடுத்துவிட்டு, அந்த முனையில் ஐடிலிங் ஏற்றும் அளவுக்குத்தான் நகர்ந்தது, ஜெட் இறங்கவே இல்லை. மகளை நாபை இழுத்துவிடச் சொல்லிக் கார்புரேட்டரைப் பார்த்தேன், கண்ணுக்கெதிரே தெரிந்தது. முதல் நாளே இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருக்கலாம்.

அதனால் ஒரே பட்டை மூன்று விதமாகக் கெடுத்திருக்கிறது. செல்ஃபுக்குக் கரண்ட் குறைந்து மெல்லச் சுற்றியது. பிளக்கும் பாயிண்ட்டும் எஞ்சின் வழியாகத்தான் எர்த் ஆவதால் ஸ்பார்க் சோர்ந்தது. சோக் கேபிள் வெந்து பெட்ரோலும் குறைந்தது. வெயில் ஏறினால் ஆயில் இளகி, சோக்கும் தேவைப்படாமல் எடுத்துவிடும். நான் மாற்றிய ஒவ்வொரு சாமானும் ஏன் இரண்டு நாள் வேலை செய்தது, அப்புறம் ஏன் நின்றது என்பதற்கு எல்லாம் பதில் கிடைத்துவிட்டது. உறுதி செய்துகொள்ள பக்கத்து வீட்டு வேன்காரரிடம் ஜம்பர் கேபிள் வாங்கி, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் மாட்டினேன். கார்புரேட்டர் லீவரைக் கையால் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரே திருப்பு, எடுத்துவிட்டது. காலை ஆறு மணி, தெருவே கேட்கும் சத்தம். மகள் சீட்டிலிருந்து கத்தினாள். எனக்கு நைனா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளே போய் முதல் வேலையாக அந்த 35,000 ரூபாய்க்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன்.

இந்த ஜம்பர் கேபிள் சோதனைக்குப் பைசா செலவில்லை. செல்ஃப் மெல்லச் சுற்றுகிறது என்றால் பேட்டரி வாங்கப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அன்றைக்கே புதுப்பேட்டை போய் பட்டையும் சோக் கேபிளும் வாங்கினேன். பட்டை உட்காரும் இடத்தில் பாடியையும் எஞ்சினையும் உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். கேபிளை மாட்டும்போது நாப் முழுசாக உள்ளே இருக்கும்போது ஒரு துளி தளர்வு விட வேண்டும், இல்லாவிட்டால் சோக் எப்போதும் கொஞ்சம் திறந்தே நின்று பெட்ரோலைக் குடிக்கும். மிக்ஸரை மறுபடி குறைத்து வைத்தேன். பிளக் நாலையும் சுத்தம் செய்து 25 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி, பாயிண்ட் 15 தௌ. எர்த் சோதனை இப்போது 0.15 காட்டுகிறது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், இந்தப் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடுத்த வாரமே பாருங்கள். சர்வீஸுக்கு விட்டால் யாரும் இதைப் பார்ப்பதில்லை, மூன்று பட்டறையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

மற்றபடி காலையில் எடுக்காத வண்டியை நான் இப்போது பார்க்கும் விதம் இதுதான். இருட்டு விலகுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வேன். பிளக் ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலோ ஈரம் ஏறிக் கரண்ட் ஒழுகினால் நீலமாகப் பொறி தெரியும், பகலில் தெரியாது. கேப்பைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி நாள் சரியாகிவிடும். வண்டி ஒரு வாரம் நின்றிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றியிருக்கும், செல்ஃப் அடித்தே பம்ப் மூலம் நிரப்புவது பேட்டரிக்குத் தண்டனை. எங்கள் வண்டியின் ஏ.சி. பம்ப் அடியில் கையால் அழுத்தும் சின்ன லீவர் இருக்கிறது, பதினைந்து இருபது முறை அழுத்தினால் கிண்ணம் நிரம்பி லீவர் லேசாகும். அப்படி லேசானால் பெட்ரோல் வந்துவிட்டது என்று அர்த்தம். கார்புரேட்டர் வாயில் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. சோக்கை அதிகம் இழுத்துப் பெட்ரோல் வாடை தூக்கினால் பிளக் நனைந்துவிட்டது. நாபை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் காற்று போய்க் காய்ந்துவிடும். எடுத்த பிறகு சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும், நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் குளிரில் பெட்ரோலைப் போலச் சுலபமாக ஆவியாகாது, மிக்ஸரையும் லீனாக்கும். அதனால் பழைய வண்டிக்கு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சோக் கேட்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். எங்கள் வண்டியில் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த ஹோஸை விரலால் அழுத்தினேன், வெடிப்பில் பெட்ரோல் பூத்தது. சூடான எஞ்சினுக்கு மேலே அது. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி, கிளிப்போடு மாற்றினேன். நீங்களும் நாளைக்கே அழுத்திப் பாருங்கள்.

போகிக்கு வண்டி எடுத்தது, பொங்கலுக்கு எடுத்தது, மாட்டுப் பொங்கலுக்கும் எடுத்தது. ஆனாலும் 17-ஆம் தேதிக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரிடம் ஐந்தே முக்காலுக்குத் தயாராக இருக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஐந்தரைக்கு அம்மா அதே சால்வையோடு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். சோக்கை முழுக்க இழுத்தேன். இரண்டாவது சுற்றில் எடுத்தது. ஆட்டோக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் நாபைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.